புகை நின்றுபோன வண்டி

தங்கை வீட்டுக்காரர் வண்டியைக் கொண்டுவந்து பட்டறைக்குள் நிறுத்தியபோது பின்னால் புகை வரவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

புகை நின்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். போன மாதம் அதே வண்டி இதே இடத்துக்கு வந்தபோது, கொசுமருந்து அடிக்கிற வண்டிதான் தெரு மாறி வந்துவிட்டது என்று எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். அவ்வளவு நீலப் புகை. காலையில் எடுக்கும்போது குப்பென்று ஒரு மேகம், இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் இன்னொரு மேகம். வால்வு சீல் கல்லாகிவிட்டது, எண்ணெய் உள்ளே இறங்கி எரிகிறது, விட்டுவிட்டுப் போங்கள், பிரித்து மாற்றித் தருகிறேன் என்று சொன்னேன். விடவில்லை. நானும் பிரிக்கவில்லை. தானாகக் குணமாவதற்கு அது என்ன ஜலதோஷமா?

“உஷ்! மெதுவாப் பேசுங்கக்கா” என்றார் மாப்பிள்ளை. நான் இன்னும் வாயையே திறக்கவில்லை. அவர் ஓசைப்படாமல் இறங்கி, கதவை இடுப்பால் அழுத்திச் சாத்தினார். “பாப்பா தூங்குறா. எஞ்சின நிறுத்திடாதீங்க. நின்னா முழிச்சுக்குவா. ஏ.சி. ஓடட்டும்.”

பின் சீட்டில் வாரைப் போட்டுக் கட்டிய குட்டி நாற்காலியில் சைரன் தூங்கிக்கொண்டிருந்தாள். சைரன் என்பது நான் வைத்த பட்டப்பெயர். இன்னும் ஒரு வயது ஆகவில்லை, அதற்குள் தெருவையே தூங்கவிடாமல் செய்த தொண்டை. பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் இவள் இங்கே எழுந்து வீறிடுவாள். என் தங்கை தூக்கமில்லாமல் பாதி ஆளாகிவிட்டாள். ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டே நின்றபடி தூங்கிப்போய்க் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். எனக்குப் பிள்ளை கிடையாது, எங்கள் குடும்பத்துக்கே இருப்பது இந்த ஒரு குஞ்சுதான். காது வலித்தாலும் அந்தக் கத்தலைக் கேட்பதற்காகவே லீவு நாளில் பட்டறையைப் பூட்டிவிட்டு அவர்கள் வீட்டுக்கு ஓடுவேன்.

பிறகுதான் இந்த வண்டி வைத்தியத்தைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் போட்டு நாலு தெரு சுற்றினால் தூங்குகிறாள். ஆரம்பத்தில் கோழித் தூக்கம்தான், வண்டி நின்றதும் முழித்துக்கொள்வாள். கொஞ்ச நாளாக அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறாளாம். தங்கை போனில் சொல்லும்போது குரலே மாறியிருந்தது. “நானும் மனுஷியா நாலு வாய் சாப்பிடுறேங்கா. அது வண்டி இல்ல, என் புள்ளைக்குத் தொட்டில்” என்றாள். வண்டியை என்னிடம் விடாததற்கும் இதுதான் காரணம். பிரித்துப் போட்டால் குழந்தையை எதில் தூங்கவைப்பது என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்ல?

மாப்பிள்ளை கடை கடையாகப் போய் நூலும் பொத்தானும் ஜிப்பும் போடுகிறவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். எஞ்சினைப் பற்றி யாராவது வீடியோ போட்டிருந்தால் அதைப் போனில் பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுப்பார். நான் பட்டென்று ஏதாவது சொல்வேன், அவர் முகம் சுருங்கிவிடும். என் வாய்க்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அதை நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“புகை என்னாச்சு மாப்பிள்ளை?”

“நின்னுடுச்சுக்கா.”

“அது தெரியுது. எப்படி நின்னுச்சு?”

“ஒரு மருந்து இருக்கு. எண்ணெயில கலந்து ஊத்தணும்.” செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அத விடுங்க. இப்ப என்னன்னா, வண்டி இழுக்க மாட்டேங்குது. மேட்டுல மூச்சு வாங்குது. அத மட்டும் பாத்துக் குடுங்க.”

பக்கத்தில் வந்தபோது தைல வாடை மூக்கைத் துளைத்தது. நெற்றிப்பொட்டு இரண்டும் பளபளவென்றிருந்தன.

“என்ன, தைலத்துலயே குளிச்சீங்களா?”

“தலைவலிக்கா. எந்நேரமும். கண் டாக்டர் கண்ணாடி போடச் சொல்றார்.”

“கண்ணாடி போட்டாலாவது நான் சொல்றது கண்ணுல தெரியுதான்னு பாப்போம்” என்றேன். வழக்கம்போல முகம் சுருங்கியது. நான் பானட்டைத் திறந்தேன்.

முன் சீட்டின் கால்பக்கம் காலி எண்ணெய் டப்பா ஒன்று கிடந்ததைத் திறக்கும்போதே பார்த்துவிட்டேன். எப்போது ஊற்றியது என்று கேட்டால் நேற்று என்கிறார். அப்படியானால் எண்ணெய் குறைவது நிற்கவில்லை. புகை மட்டும் நின்றிருக்கிறது. குனிந்து தரையைப் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூட இல்லை. ஓடுகிற எஞ்சினிலேயே எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் கலந்தால் உள்ளே மோர் மாதிரி வெளுத்திருக்கும், அதுவும் இல்லை. ஒழுகவில்லை, கலக்கவில்லை, ஆனால் குறைகிறது என்றால் எரிகிறது என்று அர்த்தம். எரிந்தால் புகைந்தே ஆக வேண்டும். இத்தனை எண்ணெயைத் தின்ற எஞ்சின் ஏப்பம்கூட விடவில்லை என்றால் நான் நம்ப வேண்டுமா?

“மாப்பிள்ளை, எங்கிட்ட எதையாவது மறைக்கிறீங்களா?”

“சேச்சே. நான் எதுக்குக்கா மறைக்கிறேன்?”

சரி, முதலில் மூச்சு வாங்குவதைப் பார்ப்போம் என்று கார்புரேட்டர் கம்பியைக் கையாலேயே இழுத்துவிட்டேன். எஞ்சின் சீறிக்கொண்டு எழ வேண்டும். இது முக்கி முனகி எழுந்து, பாதி வழியில் திணறி, தொப்பென்று இறங்கியது. மறுபடி இழுத்தேன். மறுபடி அதே திணறல். பெட்ரோல் குறைவால் வருகிற இழுப்பு வேறு மாதிரி இருக்கும், வெட்டி வெட்டி வரும். இது மூச்சு முட்டுகிற சத்தம். மூச்சு முட்டினால் இரண்டே இடம்தான். உள்ளே இழுக்க முடியாமல் முட்டும், இல்லையென்றால் வெளியே விட முடியாமல் முட்டும்.

காற்று வடிகட்டியைக் கழற்றி வெளியே வைத்தேன். தூசிதான், அடைப்பு இல்லை. அதில்லாமலே கம்பியை இழுத்துப் பிடித்தேன், நன்றாக, கை வலிக்கிற வரைக்கும். எஞ்சின் அதே முனகல்தான். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, எஞ்சினுக்குப் பெட்ரோலில் கலக்க இன்னொரு மருந்து இருப்பதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் வாங்கவில்லை.

அப்போது பட்டறையின் மறுகோடியில் டிங்கர் வேலையை ஆரம்பித்தார். நசுங்கிய தகடு தட்டுகிறவர் அவர், என் பட்டறையின் பாதி இடத்தை வைத்திருக்கிறார். ஒரு வேனின் கதவைக் கழற்றித் தரையில் போட்டு, சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. ஓட்டுக் கூரை அதிர்ந்தது. மாப்பிள்ளை பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார்.

“அண்ணே! அண்ணே! கொஞ்சம் நிறுத்துங்கண்ணே, பாப்பா தூங்குது!”

டிங்கருக்குக் காது கொஞ்சம் மந்தம். வேறென்ன ஆகும், வாழ்நாள் முழுக்கத் தகடு தட்டினால்? இன்னும் நாலு போடு போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். செத்த பிணமே எழுந்து என்ன விஷயம் என்று கேட்கிற சத்தம் அது. நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன், இதோ சைரன் ஊதப்போகிறாள் என்று.

ஊதவில்லை.

மாப்பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்துவிட்டு, முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார். “பாத்தீங்களா? அசையக்கூட இல்ல. எப்பேர்ப்பட்ட தூக்கம்!”

கரண்டி விழுந்தால் எழுகிறவள் இதற்கு எழவில்லை. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. புத்தி இன்னும் எஞ்சினிலேயே இருந்தது. உள்ளே இழுப்பதில் குறை இல்லை, அப்படியானால் வெளியே விடுவதில்தான் குறை. சைலன்சர் அடைத்திருக்கிறது. அடைப்பு எவ்வளவு என்று பார்க்கலாம் என்று வண்டியின் பின்பக்கம் போய், குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தேன்.

காற்றே வரவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு அடைத்திருந்தாலும் சூடாக, புஸ் புஸ்ஸென்று ஏதாவது கையில் பட்டே ஆக வேண்டும். குழாயைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. தொட்டால் கை வெந்துபோகிற குழாயை நான் வெறும் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆட்டினேன். ரப்பர் வளையத்தில் தொங்கிக்கொண்டு இப்படியும் அப்படியும் ஆடியது. அது எதோடும் சேர்ந்திருக்கவில்லை. வெறும் அலங்காரத்துக்கு மாட்டிய குழாய்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். பின் அச்சுக்கு முன்னாலேயே குழாயை அறுத்திருந்தார்கள். அறுத்த வாயைத் தட்டி நசுக்கி, மேல்பக்கமாக வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். கீழே விட்டால் தரையில் பட்டுக் கிளம்பும் என்றுதான் மேலே வளைத்திருக்க வேண்டும். நசுங்கிய அந்தப் பிளவிலிருந்து நீலப் புகை வந்துகொண்டிருந்தது. காணாமல்போன புகை. அது பக்கவாட்டில் கலையவில்லை, கீழே இறங்கவில்லை. சோம்பலாக எழுந்து, டிக்கியில் மாற்றுச் சக்கரம் வைக்கிற பள்ளத்தை நோக்கிப் போனது. பள்ளத்தின் அடித்தகடு துரு தின்று கையகலத்துக்கு ஓட்டை. ஓட்டைக்கு மேலே தரைவிரிப்பின் நூல் தெரிந்தது. அந்த நூல் இழைகள் வழியாகப் புகை உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பள்ளத்துக்கு முன்னால் இருப்பது பின் சீட்டு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நேரம் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது என் கை.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. பம்பரில் இடித்து நெற்றி கிழிந்திருந்ததைச் சாயங்காலம்தான் கவனித்தேன். பின் கதவைத் திறந்தேன். செயற்கை மல்லிகை வாசனையும் அதற்கு அடியில் கருகல் வாடையும் வெதுவெதுப்பாக முகத்தில் அடித்தன. வாசனை டப்பா மூன்று நாலு தொங்கவிட்டிருந்தார் மனிதர். குழந்தையின் கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று, தேய்த்துக் குளிப்பாட்டி இப்போதுதான் துவட்டிய மாதிரி இருந்தன. பார்ப்பவர்கள் திருஷ்டி கழிக்கச் சொல்வார்கள், அவ்வளவு அழகு. வாரை அவிழ்த்துத் தூக்கினேன். தலை பின்னால் தொங்கியது.

“அடிப் பாவி, முழிச்சுக்கோடி! சைரன்! ஏய் சைரன்!”

வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கன்னத்தில் தட்டினேன், காலைக் கசக்கினேன். மூச்சு இருந்தது. மேலோட்டமாக, எண்ணிப் பார்க்கிற அளவுக்கு இடைவெளி விட்டு. கண் இமை பாதி திறந்தது, உள்ளே வெள்ளைதான் தெரிந்தது.

“என்னக்கா... ஏங்கா எழுப்புறீங்க, இப்பத்தானே...” மாப்பிள்ளை இன்னும் மெதுவாகவே பேசிக்கொண்டிருந்தார்.

“டேய், இது தூக்கம் இல்லடா! நீ புகையப் புடிச்சு புள்ள மேல விட்டிருக்கடா!”

கல்யாணம் ஆன நாளிலிருந்து வாங்க போங்க தவிர நான் அவரை வேறு விதமாகப் பேசியதில்லை. குத்தினாலும் மரியாதையோடுதான் குத்துவேன். அன்றைக்கு எல்லாம் போனது. அவர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்து அவளைப் பறித்துக்கொண்டு ஓடினார். எங்கே? அதே வண்டிக்கு. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தி, கியரைப் போடப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான். பயத்தில் மனுஷனுக்குப் புத்தி மழுங்கிவிடும் என்பார்கள், அன்று கண்ணால் பார்த்தேன். கதவைத் திறந்து சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன். கை நீட்டி அடித்தேன் என்று டிங்கர் பிற்பாடு சொன்னார். எனக்கு நினைவில்லை.

டிங்கர்தான் உருப்படியாக ஒன்று செய்தார். வேலை முடிந்து ஆளுக்காகக் காத்திருந்த ஒரு வண்டியின் சாவியை ஆணியிலிருந்து எடுத்து, ஸ்டார்ட் செய்து, நாலு கண்ணாடியையும் இறக்கிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார். அதற்கு இன்னும் முன் பம்பர் மாட்டவில்லை. அப்படியே ஏறினோம்.

வழியெல்லாம் ஜன்னலோரமாகக் குழந்தையின் முகத்தைக் காற்றுக்குக் காட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். டிங்கர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மாப்பிள்ளை முன் சீட்டிலிருந்து முழுக்கத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“எதிர்வீட்டுக்காரர்தாங்கா,” என்றார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். “புகை அவங்க ஜன்னல் வழியா உள்ள போகுதாம். தெருவே கேக்கற மாதிரி கத்தினார். ஒரு வெல்டர், குழாய அறுத்து அடியில திருப்பி விட்டா வெளியே தெரியாதுன்னான். தெரியவும் இல்ல.”

“முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்க.”

“உள்ள லேசா வாடை வந்துச்சு. வெளியேருந்து வருதுன்னு நினைச்சேன். அதான் கண்ணாடிய ஏத்தியே வச்சேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

 அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “திட்டுவீங்கன்னு பயந்துட்டேங்கா.”

வெல்டரைத் திட்டலாம், எதிர்வீட்டுக்காரரைத் திட்டலாம், இவரைத் திட்டலாம் என்று வரிசையாக வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. என் வாய்க்குப் பயந்துகொண்டு ஒரு மனிதர் விஷத்தை வீட்டுக்குள் திருப்பிவிட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரிகிற நீலம் வெறும் எண்ணெய், அது இருமவைக்கும், அவ்வளவுதான். அதோடு கூடவே வருகிற ஒன்றுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அது ரத்தத்தில் நல்ல காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆளை அமைதியாகத் தூங்கவைத்துவிடும். பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு எஞ்சினை ஓட்டாதே என்று எனக்குத் தொழில் தெரிந்த நாளிலிருந்து ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். எங்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் நன்றாகத் தூங்குகிறாள் என்று போனில் கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் நான் கத்திய கத்தலில் வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். வண்டிப் புகை, வண்டிப் புகை என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு பெண் டாக்டர் குழந்தையை வாங்கி மேசையில் கிடத்தினார். முகத்தைவிடப் பெரிய முகமூடி ஒன்றை வைத்து ஆக்சிஜனைத் திறந்தார்கள். பாதத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். குத்தும்போதுகூட அவள் சிணுங்கவில்லை. நான் சுவரோடு சாய்ந்துகொண்டேன்.

“எவ்வளவு நேரம் அந்த வண்டிக்குள்ள இருந்தா?” என்று டாக்டர் கேட்டார்.

“கொஞ்ச நேரம்தான்” என்றார் மாப்பிள்ளை. “பட்டறையில நின்ன நேரம்தான்.”

“அதுக்கு முன்னாடி?”

“வந்துட்டு... வழியில...”

“சார், சரியாச் சொன்னாத்தான் நான் சரியாச் செய்ய முடியும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் திட்டவில்லை. “சொல்லுங்க மாப்பிள்ளை. உள்ளத சொல்லுங்க” என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

“காலைல பால் குடிச்சதும் ஏத்தினேன்” என்றார். “எல்லாக் கடைக்கும் சரக்குப் போட்டேன். ஏ.சி. ஓடட்டும்னு எஞ்சின நிறுத்தாமலே இறங்கி இறங்கிப் போனேன். ஒவ்வொரு தடவையும் வந்து பாத்தேன், தூங்கிட்டேதான் இருந்தா. மத்தியானப் பாலுக்குக்கூட முழிக்கல.” வாயைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு இடையிலிருந்து மீதி வந்தது. “நல்லாத் தூங்குறாளேன்னு நினைச்சேன்.”

டாக்டர் குழந்தையிடம் திரும்பினார். இதற்கு முன்னால் வாந்தி எடுத்திருக்கிறாளா என்று கேட்டார். எடுத்திருக்கிறாள், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாலை மாற்றினார்களாம். உங்களுக்குத் தலைவலி இருக்கிறதா என்று அவரையும் கேட்டார். தைலம் தேய்த்த நெற்றியைத் தொட்டுக்கொண்டு அவர் தலையாட்டினார். அவர் கையிலும் ரத்தம் எடுத்தார்கள்.

தங்கை வந்தாள். டிங்கர் போய்க் கூட்டிவந்திருந்தார். என்ன சொல்லிக் கூட்டிவந்தாரோ தெரியவில்லை, கையில் பால் புட்டியோடு வந்தாள். குழந்தைக்குப் பசிக்கிற நேரம் தாண்டிவிட்டது என்று வாசலிலேயே சொன்னாள். பிறகு மேசையைப் பார்த்தாள். புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சூடு ஆறாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருந்தாள். வண்டிப் புகை உள்ளே போய்விட்டது என்று நர்ஸ் சொன்னார்.

“வண்டிய ஓடவிட்டது யாரு?” என்று கேட்டாள். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை.

“நான்தான்” என்றார் மாப்பிள்ளை.

“கடைசியா ஓடவிட்டது நான்” என்றேன். “அவர் ஓரமா நின்னார். இழுத்துப் புடிச்சது நான். வந்ததும் ஒரு தடவ பின்னாடி கைய வச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல.”

அவள் என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. மேசை ஓரமாகப் போய் நின்று குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா வந்துட்டேன். எந்திரி. அழு. எவ்வளவு வேணும்னாலும் அழு, அம்மா தூங்கவே மாட்டேன்” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சன்னமான குரலில், கணக்கில்லாமல்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. முகமூடிக்குள் ஒரு சத்தம் கேட்டது, பூனைக்குட்டி சத்தம்தான். நர்ஸ் குனிந்தார். மறுபடி ஒன்று வந்தது. பிறகு குழந்தை கையை உதறி, முகமூடியைத் தள்ளி, முகத்தைக் கோணிக்கொண்டு அழுதாள். முதலில் பாதிதான் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டை திறந்தது. நான் வாய்விட்டு அழுதேன். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டார். தங்கை மட்டும் அழவில்லை, குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் விரலைச் சொடுக்கிப் பார்த்தார். “பிழைச்சுட்டா” என்றார். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “வேற ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டாள். டாக்டர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. “இன்னைக்கு மட்டும் புகை உள்ள போயிருந்தா வேற. பல நாளா கொஞ்சங்கொஞ்சமா போயிருக்கு. குழந்தை வளர வளரத்தான் பாக்கணும். இப்ப நான் எதுவும் சொன்னா அது பொய்யாயிடும்” என்றார். அப்படிச் சொல்கிற டாக்டரைத் திட்டவும் முடியவில்லை.

பிறகு எங்களை ஓரமாக ஒரு படுக்கைக்கு மாற்றினார்கள். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தாள், புட்டியைத் தள்ளிவிட்டாள். மாப்பிள்ளை தரையிலிருந்து எழுந்து வந்தார். பழக்கம்தான், யோசித்துச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் மார்பில் மெதுவாகத் தட்டிக்கொண்டே, உதட்டை அதிரவிட்டு, எஞ்சின் ஓடுகிற மாதிரி டுர்ரென்று சத்தம் கொடுத்தார். அழுகை தணிந்தது. விக்கல் வந்தது. கண் மெல்லச் செருகியது.

“நிறுத்துங்க!” என்று தங்கை கத்தினாள். அடுத்த படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் நிறுத்திவிட்டார். ஆனால் குழந்தையின் கண் மூடிக்கொண்டது. மூச்சு சீராக வந்தது, கன்னம் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது சும்மா தூக்கம்தாம்மா. களைச்சுப் போயிட்டா. தூங்கட்டும், விடுங்க” என்றார்.

நாங்கள் மூன்று பேரும் தலையாட்டினோம். நர்ஸ் போனதும் தங்கை போர்வைக்குள் கையை விட்டுக் குழந்தையின் தொடையைக் கிள்ளினாள். குழந்தை வீறிட்டாள். தங்கை அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அழட்டும், அழட்டும் என்று முதுகைத் தடவினாள்.

அடுத்த முறை கண் மூடியபோது நான் கிள்ளினேன்.